பாடும்போது காதில் என்ன கேட்க வேண்டும்? வீட்டுப் பதிவில் ஹெட்போன் மானிட்டரிங்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது மைக்கைப் பற்றி. அடுத்தது, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்பேஸ் எதை வாங்கலாம் என்பது. ஹெட்போனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. போனுக்கு வாங்கியது ஒன்று வீட்டில் கிடக்கும், அது போதும் என்ற நினைப்புதான். எல்லாவற்றையும் வாங்கி, மாட்டி, ரெக்கார்ட் பொத்தானை அழுத்திப் பாட ஆரம்பித்த பிறகுதான் போன் வரும்: “அண்ணே, என் சத்தம் எனக்கே ரெண்டு தடவ கேக்கு.” இல்லையென்றால், “ஒரு காதுல மட்டுந்தான் கேக்கு.” இல்லையென்றால், “எனக்குக் கேக்கவே இல்ல, ஆனா பதிவாகியிருக்கு.”

இந்த மூன்று புகாரிலும் பெட்டி பழுதாகியிருப்பது அபூர்வம். மைக்கில் போன குரல் எந்த வழியாகத் திரும்பிக் காதுக்கு வருகிறது என்பது பிடிபடாததால் வருகிற குழப்பம் அது. வழி புரிந்துவிட்டால் மீதி எல்லாம் நாலைந்து பொத்தான் வேலை. ஆகவே எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தொடங்காமல், குரல் போகும் பாதையிலிருந்து தொடங்குகிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் வீட்டுப் பதிவு செய்பவர்கள் பல வகை. சர்ச் கொயரில் பாடுகிறவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்வார்கள். கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு பாடுகிறவர்கள் கதையில் ஒரு பகுதியை யூடியூபில் போட நினைப்பார்கள். கீபோர்டு வாசிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே ஆள், ஒரே அறை, ஒரு லேப்டாப். ஸ்டுடியோ என்றால் பாடுகிறவர் கண்ணாடிக்கு ஒரு பக்கம், ஒலிப்பதிவு செய்பவர் மறுபக்கம். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது என்பதால், நம் ஊர்ப் பழைய கலைஞர்கள் பலருக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதே. பாடுகிறவர் பாட்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டில் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நாம்தான்.

இரண்டு வழிகள்

ஆடியோ இன்டர்பேஸ் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின் சிக்னலைப் பெரிதாக்குகிறது. அதை எண்களாக மாற்றி யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் எண்களை மறுபடியும் சத்தமாக மாற்றி ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுக்கிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், பெரிங்கர் யூஎம்சி, ஆடியன்ட், மோட்டு என்று எதை வாங்கினாலும் அடிப்படை வேலை இதுதான்.

இப்போது நீங்கள் பாடுகிறீர்கள். உங்கள் குரல் காதுக்கு வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மைக்கிலிருந்து இன்டர்பேஸுக்கு வந்து, அங்கேயே கிளை பிரிந்து நேரே ஹெட்போனுக்குப் போவது. இன்னொன்று, இன்டர்பேஸிலிருந்து யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போய், பதிவு மென்பொருளுக்குள் நுழைந்து, திரும்ப யூஎஸ்பி வழியாக வெளியே வந்து ஹெட்போனைச் சேர்வது. நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு நேர் பஸ்ஸில் போகலாம், குலசேகரம் போய்ச் சுற்றியும் போகலாம். ஊர் ஒன்றுதான், போய்ச் சேரும் நேரம்தான் வேறு. முதலாவதை நேர் வழி என்றும் இரண்டாவதைச் சுற்று வழி என்றும் வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று எழுதியிருப்பது நேர் வழி. மென்பொருளில் ‘இன்புட் மானிட்டரிங்’ என்று இருப்பது சுற்று வழி.

இரண்டில் ஒன்றுதான் திறந்திருக்க வேண்டும். ஹெட்போன் மானிட்டரிங்கில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. இரண்டும் திறந்திருந்தால் உங்கள் குரல் ஒருமுறை உடனேயும், இன்னொரு முறை கொஞ்சம் தாமதமாகவும் வரும். அதுதான் “ரெண்டு தடவ கேக்கு”. இரண்டும் மூடியிருந்தால் எதுவும் கேட்காது, ஆனால் பதிவு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும். அதுதான் மூன்றாவது புகார்.

தாமதம் எவ்வளவு, அது ஏன் உறுத்துகிறது

சுற்று வழியில் ஏன் தாமதம் வருகிறது? கம்ப்யூட்டர் சத்தத்தை ஒவ்வொரு துளியாக வாங்குவதில்லை. கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாக வாங்கும், மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சேர்த்து வைக்கும் அளவுக்குப் பெயர் பஃபர் சைஸ். ஒரு செகண்டுக்கு 44,100 துளி (சாம்பிள்) என்ற வேகத்தில் பஃபர் 256 துளி என்றால், ஒரு தொகுப்பு சேர 5.8 மில்லிசெகண்ட் ஆகும். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என்று கணக்கிட்டால் 11.6. எண்களாக மாற்றுவதற்கும் யூஎஸ்பிக்கும் ஆகும் நேரம் இன்னும் சில மில்லிசெகண்ட். பஃபர் 1024 என்றால் போக வர மட்டுமே 46 மில்லிசெகண்ட் ஆகிவிடும். 128 என்றால் ஆறுக்குள் அடங்கும், மேல் செலவு தனி. இந்தத் தாமதத்தைத்தான் லேட்டன்சி என்கிறார்கள்.

மில்லிசெகண்ட் என்பது ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதெல்லாம் காதுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். காற்றில் சத்தம் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். வில்லுப்பாட்டில் வில்லடிப்பவருக்கும் குடம் அடிப்பவருக்கும் நடுவில் இரண்டு மீட்டர் இருந்தால், ஒருவர் சத்தம் இன்னொருவரை அடைய ஏறத்தாழ 6 மில்லிசெகண்ட் ஆகிறது. யாரும் தாளம் தவறுவதில்லை. அதனால் அடுத்தவர் வாசிப்பது சில மில்லிசெகண்ட் தாமதமாக வந்தால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஆனால் சொந்தக் குரலின் கதை வேறு. அது மண்டை எலும்பு வழியாகத் தாமதமே இல்லாமல் நம் காதை அடைந்துவிடுகிறது. ஹெட்போனில் வரும் குரல் அதன் மேல் வந்து விழுகிறது. வித்தியாசம் நாலைந்து மில்லிசெகண்டாக இருந்தால் எக்கோ போலத் தெரியாது. குரல் உள்ளீடற்று, குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இரண்டு அலைகளும் சில சுருதிகளில் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வரும் விளைவு அது. பத்து, பதினைந்தைத் தாண்டினால் ஏதோ இழுக்கிற மாதிரி தோன்றும். முப்பதைத் தாண்டினால் தெளிவாகவே இரண்டாகக் கேட்கும், தாளத்தில் நிற்க முடியாது. கிட்டத்தட்ட 200 மில்லிசெகண்டில் வேடிக்கை உச்சத்துக்குப் போகும். சொந்தப் பேச்சைத் தாமதமாகக் காதில் கேட்கவைத்தால் ஆள் திக்கித் திணறுவார் என்று பெர்னார்ட் லீ என்ற ஆய்வாளர் 1950-இலேயே எழுதியிருக்கிறார்.

புளூடூத் ஹெட்போன் ஏன் கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. சாதாரண புளூடூத் ஹெட்போன்களின் தாமதம் 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை வரும், சிலவற்றில் அதற்கும் மேலே. விலை அதிகமானது என்பதால் இது மாறிவிடாது. பாட்டுக் கேட்க அது நன்றாக இருக்கும், பாடுவதற்கு ஆகாது. வயர் உள்ளதுதான் வேண்டும்.

நேர் வழியைத் திறப்பது

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது எப்போதும் நேர் வழிதான். தாமதம் காதுக்குத் தெரியாத அளவு. பழைய லேப்டாப்பானாலும் கவலையில்லை. பஃபரை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் காதில் மாற்றம் இருக்காது.

முதலில் ஹெட்போனை மாட்டும் இடம். அது லேப்டாப்பின் ஓட்டை அல்ல, இன்டர்பேஸில் ஹெட்போன் படம் போட்டிருக்கும் ஓட்டை. சொல்லத் தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும், ஆனால் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். லேப்டாப்பில் மாட்டினால் நேர் வழி என்பதே இல்லாமல் போகும், ஏனென்றால் அந்தக் கிளை இன்டர்பேஸுக்குள் இருக்கிறது. அதேபோல விண்டோஸின் சவுண்ட் அமைப்பிலும், பதிவு மென்பொருளின் ஆடியோ அமைப்பிலும், உள்ளே வருவது வெளியே போவது இரண்டுக்கும் இன்டர்பேஸையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் கரோக்கி லேப்டாப் ஸ்பீக்கரில் ஒலிக்கும், அதுவும் மைக்கில் விழும்.

அடுத்து டைரக்ட் மானிட்டர். ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்சி22 போன்றவற்றில் அது ஒரு பொத்தான் அல்லது சுவிட்ச்: போட்டால் உண்டு, அணைத்தால் இல்லை. வேறு சில பெட்டிகளில் அது ஒரு திருகு. பிரீசோனஸ் ஆடியோபாக்ஸ் யூஎஸ்பி 96-இல் ஒரு பக்கம் திருப்பினால் மைக் சத்தம், மறுபக்கம் திருப்பினால் கம்ப்யூட்டரிலிருந்து வரும் பாட்டு, நடுவில் இரண்டும் பாதிப் பாதி. எனக்குத் திருகு உள்ள பெட்டிதான் பிடிக்கும். குரலுக்கும் பாட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பாடிக்கொண்டே சரிசெய்யலாம். சுவிட்ச் மட்டும் உள்ள பெட்டியில் பாட்டின் அளவை மென்பொருளுக்குள் போய்த்தான் குறைக்க வேண்டும்.

மூன்றாவது வேலை, சுற்று வழியை மூடுவது. ரீப்பர், கியூபேஸ் என்ற பதிவு மென்பொருள்களில் ட்ராக்கின் (ஒவ்வொரு பதிவும் உட்காரும் தனி வரிசை) ஓரத்தில் ஸ்பீக்கர் படம் போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கராஜ்பேண்டிலும் ட்ராக்குக்கு மானிட்டரிங் பொத்தான் தனியாக உண்டு. அது எரிந்தால் அணைத்துவிடுங்கள். சில மென்பொருள்களில் ட்ராக்கைப் பதிவுக்குத் தயார் செய்தவுடன் அது தானாகவே எரியும். அதனால் ஒவ்வொரு புது ட்ராக்கிலும் ஒரு கண் வைக்க வேண்டியதுதான்.

இனி “ஒரு காதுல மட்டுந்தான் கேக்கு” புகார். இரண்டு மைக் ஓட்டை உள்ள பெட்டிகள் சிலவற்றில் டைரக்ட் மானிட்டருக்கு மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு நிலை உண்டு. ஸ்டீரியோவில் வைத்தால் முதல் ஓட்டையில் வருவது இடது காதுக்கும், இரண்டாவது வலது காதுக்கும் போகும். ஒரே மைக் மாட்டியிருந்தால் குரல் இடது காதில் மட்டும்தான் வரும். மோனோவுக்கு மாற்றினால் தீர்ந்தது. கீபோர்டின் இடது வலது இரண்டையும் மாட்டும்போதுதான் ஸ்டீரியோ தேவை. மோனோவுக்கு மாற்றியும் ஒரு காதில் மட்டும் கேட்டால் ஜாக்கைப் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வெறும் குரல் பாடவே பிடிக்கவில்லை என்றால்

நேர் வழியில் ஒரு குறை உண்டு. குரல் பச்சையாக வரும். எக்கோ, ரிவெர்ப் (பெரிய கூடத்தில் குரல் தங்கி ஒலிப்பது போன்ற எஃபெக்ட்) எதுவும் இருக்காது. பெரிய சர்ச்சில் பாடிப் பழகியவருக்கும், கொடை மேடையில் எக்கோ போட்ட மைக்கில் பாடிப் பழகியவருக்கும் இது பெரிய அதிர்ச்சி. ‘என் குரல் இவ்வளவு வறட்டுக் குரலா’ என்று பயந்து அடக்கிப் பாடுவார்கள். ஸ்வரம் நின்று பேசாது. அதனால் காதில் கொஞ்சம் ரிவெர்ப் கேட்பது ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. பாடுகிறவரின் தைரியத்துக்கு அது தேவை.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. பெட்டிக்குள்ளேயே ரிவெர்ப் உள்ள இன்டர்பேஸ் வாங்கலாம். ஸ்டைன்பெர்க் யூஆர்22சி அப்படிப்பட்டது. அதன் ரிவெர்பைக் காதுக்கு மட்டும் வைத்துக்கொண்டு பதிவைப் பச்சையாக விட்டுவிடலாம். இரண்டாவது, நேர் வழியை மூடிவிட்டுச் சுற்று வழியில் பாடுவது. பஃபரை 128 அல்லது 64-க்குக் குறைக்க வேண்டும். லேப்டாப்புக்கு வேகம் போதாவிட்டால் சத்தம் பொரிய ஆரம்பிக்கும், அப்போது ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். விண்டோஸ் என்றால் ஏஎஸ்ஐஓ டிரைவர் கட்டாயம். அசியோ என்று சொல்வார்கள். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த முறை இது. விண்டோஸின் பொதுவான ஒலி வழியைத் தவிர்த்து, மென்பொருள் இன்டர்பேஸோடு நேரடியாகப் பேச உதவும். உங்கள் இன்டர்பேஸ் கம்பெனியின் தளத்திலிருந்து அந்தப் பெட்டிக்கான டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று இல்லாத மலிவுப் பெட்டிக்குத்தான் ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொது டிரைவர். ஆப்பிள் கணினிக்கு இந்தக் கவலை இல்லை, அதன் கோர் ஆடியோவே போதும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. முதலில் ‘ஒரு வழிதான் திறந்திருக்க வேண்டும்’ என்று சொன்னதை இங்கே கொஞ்சம் மீற வேண்டியிருக்கும். நேர் வழியில் பச்சைக் குரல் வரட்டும். சுற்று வழியையும் திறந்து, அந்த ட்ராக்கில் ஒரு ரிவெர்ப் போட்டு, அதில் பச்சைக் குரலின் பங்கைப் பூஜ்ஜியமாக்கி, ரிவெர்ப் மட்டும் முழுதாக வரும்படி வையுங்கள். பெரும்பாலான ரிவெர்ப்களில் டிரை, வெட் என்று இரண்டு அளவு இருக்கும். டிரையை முழுக்க இறக்கிவிட வேண்டும். இப்போது குரல் உடனே கேட்கும், அதன் எதிரொலி மட்டும் இருபது முப்பது மில்லிசெகண்ட் கழித்து வரும். அது உறுத்தாது, ஏனென்றால் எதிரொலி எப்போதும் தாமதமாக வருவதுதானே. பத்து மீட்டர் தள்ளியிருக்கிற சுவரில் மோதித் திரும்பவே சத்தத்துக்கு 58 மில்லிசெகண்ட் ஆகும். பெரிய கூடத்தில் பாடுகிறோம் என்று காது எடுத்துக்கொள்ளும். பழைய லேப்டாப்பில் 256, 512 பஃபரிலேயே இது ஓடும். ட்ராக்கில் போடும் ரிவெர்ப் காதுக்குத்தான். பதிவாவது பச்சைக் குரல், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம்.

எந்த ஹெட்போன்

காதை முழுதாக மூடுகிற, பின்பக்கம் அடைத்த வகைதான் பாடுவதற்கு ஏற்றது. பின்பக்கம் திறந்த வகை கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் உள்ளே ஓடும் பாட்டும், தாளத்துக்கு வைக்கும் கிளிக் சத்தமும் வெளியே கசிந்து மைக்கில் பதிவாகும். மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் என்றால் சொல்லவே வேண்டாம். பல்லவிக்கு நடுவே நீங்கள் மூச்சு விடும் இடத்தில் ‘டிக் டிக்’ என்று ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும், அதைப் பிறகு நீக்குவது பெரும்பாடு. ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ், சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ எல்லாம் அடைத்த வகை. டிடி 770-ஐ வாங்கும்போது மட்டும் மின்தடையைக் காட்டும் ஓம் எண்ணைப் பாருங்கள். 250 ஓம் மாடலை யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் சின்னப் பெட்டிகள் சரியாக இழுக்காது, சத்தம் போதாது. 80 அல்லது அதற்குக் கீழே உள்ளது வாங்கினால் நல்லது. காதுக்குள் செருகும் வயர் இயர்போனும் ஆரம்பத்துக்குப் பரவாயில்லை, கசிவு குறைவு.

போனோடு வந்த இயர்போனில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் மைக்கும் இருப்பதால் ஜாக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். இன்டர்பேஸின் ஓட்டை இரண்டு வளையத்துக்குச் செய்தது. அநேகமாக வேலை செய்யும். சில சமயம் தொடர்பு தவறி விழுந்தால் விசித்திரமாக ஒன்று நடக்கும்: வாத்தியம் எல்லாம் கேட்கும், நடுவில் இருக்க வேண்டிய குரல் மட்டும் காணாமல் போகும். ஜாக்கை மிக இலேசாக வெளியே இழுத்தால் குரல் திரும்பி வந்துவிட்டால், குற்றவாளி அதுதான்.

பெரும்பாலான இன்டர்பேஸ்களில் ஓட்டை 6.3 மில்லிமீட்டர், ஹெட்போன் ஜாக் 3.5. நடுவில் கன்வெர்ட்டர் பின் தேவை. கடையில் ஸ்டீரியோ பின் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே வளையம் உள்ள மோனோ பின்னைக் கொடுத்துவிட்டால் ஒரு காதில் மட்டும்தான் கேட்கும். மேலே பாக்கி வைத்த விஷயம் இதுதான்.

அளவுகள்

இதில் வரிசை முக்கியம். முதலில் கெயின், பிறகுதான் ஹெட்போன் வால்யூம். கெயின் திருகுதான் பதிவாகும் அளவைத் தீர்மானிக்கிறது. ஹெட்போன் திருகு உங்கள் காதுக்கு மட்டும், பதிவில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. காதில் சரியாகக் கேட்கவில்லை என்று கெயினை ஏற்றிக்கொண்டே போவது அடிக்கடி நடக்கிறது. உச்ச ஸ்தாயியில் பாடும்போது சிவப்பு விளக்கு எரிந்து குரல் கிழிந்துவிடும். கிழிந்ததைத் தைக்க முடியாது. பாட்டில் எந்த இடத்தில் மிகச் சத்தமாகப் பாடுவீர்களோ அந்த வரியைப் பாடி, மென்பொருளின் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கும்படி கெயினை வையுங்கள். பிறகு அதைத் தொடாதீர்கள்.

காதில் குரல் மிகச் சத்தமாக இருந்தால் ஆள் தன்னை அறியாமல் அடக்கிப் பாடுவார். குறைவாக இருந்தால் கத்துவார். கரோக்கி மிகச் சத்தமாக இருந்தால் சுருதி விலகும், பாடிக்கொண்டிருக்கும்போது அது தெரியவும் தெரியாது. எனவே பாட்டைக் குறைத்து, குரலை அதற்குச் சற்று மேலே வைத்துத் தொடங்குவது நல்லது. கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்குச் சுருதிப்பெட்டியின் ஒலி காதில் தெளிவாக இருக்க வேண்டும், அதைத் தனி ட்ராக்காக வைத்துக்கொண்டால் ஏற்றி இறக்க வசதி. இவ்வளவு செய்தும் சுருதி நிற்கவில்லை என்றால் ஒரு காதைத் திறந்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள். நல்ல பாடகர்கள் பலர் அப்படித்தான் பாடுகிறார்கள். திறந்த காதின் மூடியைத் தலையோடு ஒட்டி வைக்க வேண்டும், அந்தரத்தில் விட்டால் அதிலிருந்து கசியும்.

இரண்டு பேர் சேர்ந்து பாடினால்? சின்னப் பெட்டிகளில் ஹெட்போன் ஓட்டை ஒன்றுதான். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் வயர் போட்டால் இருவருக்கும் ஒரே வால்யூம்தான், அதுவும் வேறு வேறு மாடல் ஹெட்போன் என்றால் ஒருவருக்கு மட்டும் அதிகமாகக் கேட்கும். பெரிங்கர் எச்ஏ400 போன்ற ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கினால் நாலு பேருக்குத் தனித்தனித் திருகு கிடைக்கும். கொயரில் நாலு குரலையும் பதிவு செய்ய இது நல்ல செலவு. வில்லுப்பாட்டுக் குழுவுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன்: யாருக்கும் ஹெட்போன் கொடுக்காதீர்கள். வீசுகோலும் உடுக்கையும் குடமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, காற்றில் கேட்டு வாசிக்கிற கலை அது. முன்பாட்டுக்குப் பின்பாட்டு வந்து விழும் வேகம் ஹெட்போனைப் போட்டவுடன் போய்விடும். ஒரு மூலையில் உட்கார்ந்து பதிவைக் கவனிக்கிறவர் ஒருவர் போட்டுக்கொண்டால் போதும்.

பாடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி, அரை நிமிடம் சும்மா இருங்கள். அறையில் இருந்தும் நாம் கவனிக்காத சத்தங்கள் எல்லாம் மைக் வழியாக வந்து நிற்கும். ஃபேன், பிரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார். நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு, ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும். ஷீட் போட்ட மாடி அறை என்றால் தூறல் விழுந்தாலே கண்டென்சர் மைக் அதை அழகாகப் பிடித்துவிடும். குளச்சல் பக்கம் கடலோர வீடுகளில் ஜன்னலை மூடியும் ஓர் இரைச்சல் அடியில் ஓடும். அதைப் பாடுவதற்கு முன்னால் தெரிந்துகொண்டால் மைக்கைத் திருப்பலாம், அறையை மாற்றலாம்.

‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல் விடாமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால் அது கரண்டு விஷயம், எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட்டாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பேட்டரியில் பதிவு செய்யலாம். எர்த் முனையை உடைத்துவிட்டு மாட்டுவது, இரண்டு பின் கன்வெர்ட்டர் போடுவது போன்ற குறுக்கு வழிகள் வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும்.

ஜாக் மாட்டும்போதும், கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பொத்தானைப் போடும்போதும் ஹெட்போன் திருகைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள், ‘டப்’ என்று வருவது காதில் நேரே விழும். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். இரவு முழுக்க ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. காதில் எல்லாம் சரியாகக் கேட்டும், பாடி முடித்துப் போட்டுப் பார்த்தால் குரல் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் நிற்பதாகத் தோன்றலாம். சுற்று வழியின் தாமதத்தை மென்பொருள் தானே கணக்கிட்டுக் குரலை முன்னால் நகர்த்தி வைக்கும், ஆனால் டிரைவர் தவறான கணக்கைச் சொன்னால் அதுவும் தவறும். டைரக்ட் மானிட்டரையும் இன்புட் மானிட்டரிங்கையும் அணைத்துவிட்டு (இல்லையென்றால் ஊளையிடும்), ஹெட்போனின் ஒரு மூடியை மைக்கின் மேல் வைத்து, ஏற்கெனவே ஒரு ட்ராக்கில் வைத்திருக்கும் கிளிக்கை ஓடவிட்டு, அதை இன்னொரு ட்ராக்கில் பதிவு செய்யுங்கள். இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கிப் பார்த்தால் கிளிக்குகள் ஒன்றின் கீழ் ஒன்று நிற்க வேண்டும். 48,000 சாம்பிள் வேகத்தில் 240 சாம்பிள் தள்ளி நின்றால் 5 மில்லிசெகண்ட் தாமதம் என்று பொருள். ரீப்பரின் ரெக்கார்டிங் அமைப்பில் இந்த வித்தியாசத்தை எழுத ஓர் இடம் இருக்கிறது, மற்ற மென்பொருள்கள் பலவற்றிலும் உண்டு. எண்ணைப் போட்டுவிட்டு இன்னொரு முறை பதிவு செய்து பாருங்கள், கிளிக்குகள் நேராகிவிடும். டிரைவரையோ இன்டர்பேஸையோ மாற்றும்போது மட்டும் இதைத் திரும்பச் செய்தால் போதும்.